பார்க்கத் தகும் சமையல் நிகழ்ச்சிகள் எவை?

தொலைக்காட்சியில் வரும் சமையல் நிகழ்ச்சிகளால் குடும்பத்திற்கு நன்மை உண்டா, அல்லது அவை வெறும் வேடிக்கைகள்தாமா என்று வாசகியர் சிலர் நம்மைக் கேட்டுள்ளனர். அவர்களுள் ஒருவர் தம் மனக்குறையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பத்து வயது மகன், திரையில் கண்ட அயல்நாட்டு உணவுகளின் பெயர்களையெல்லாம் ஒப்பிக்கிறானாம். தட்டில் பரிமாறிய பீர்க்கங்காய்க் கூட்டையும் சாளைமீன் குழம்பையும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். பார்ப்பதற்கு அழகாக இல்லை என்பது அவன் கூறும் காரணம். விடியுமுன் எழுந்து, அலுவலகத்திற்குப் புறப்படும்வரை அடுப்படியில் நின்ற ஒரு தாயின் காதில் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இம்மாதம் இப்பொருளையே எடுத்துக்கொள்கிறோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியபோது, எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் தொல்லை நமக்கு இருந்ததில்லை. ஒரே அலைவரிசை, வந்ததைப் பார்த்தோம். 1993-க்குப் பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. அவ்வாண்டில்தான் சஞ்சீவ் கபூரின் ‘கானா கஜானா’ ஜீ தொலைக்காட்சியில் தொடங்கி நாடெங்கும் புகழ்பெற்றது. 2011-இல் அவர் உணவிற்கென்றே ஓர் அலைவரிசையைத் தொடங்கினார். தமிழில் கவிஞர் கண்ணதாசனின் மகளாகிய ரேவதி சண்முகம், மல்லிகா பத்ரிநாத், தாமு முதலியோர் நம் இல்லங்களில் அறிமுகமாயினர். இன்று எந்நேரமும் எங்கேனும் ஒரு திரையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை பெருக்கத்தில் நல்லதைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாம் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. நிகழ்ச்சி முடிந்தபின் நம் வீட்டு அடுக்களையைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? எழுந்துபோய்ச் செய்து பார்ப்போம் என்று தோன்றுகிறதா, நம்மிடம் இருப்பதெல்லாம் அற்பம் என்று தோன்றுகிறதா? முன்னது தோன்றினால் அந்நிகழ்ச்சி பார்க்கத் தகுந்தது. பின்னது தோன்றினால், அதில் எத்தனை வண்ணங்கள் இருப்பினும், அது நம் வீட்டுத் தாயை இழிவுபடுத்தும் நிகழ்ச்சியே ஆகும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக ஜூலியா சைல்டு என்னும் அம்மையாரைக் கூறலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள கல்வித் தொலைக்காட்சி நிலையத்தில், 1963-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ‘தி பிரெஞ்ச் செஃப்’ என்னும் தொடரை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 50. இளமையில் சமையல் அறியாதவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத்துறையின் ஆவணப் பிரிவில் பணியாற்றியவர். அப்பணி அவரை நமக்கு அண்மையிலுள்ள இலங்கையின் கண்டிக்கே கொண்டுவந்தது. தம் கணவராக வரவிருந்த பால் சைல்டை அவர் சந்தித்தது அங்கேதான். கணவரின் அலுவல் காரணமாக 1948-இல் பாரிசுக்குச் சென்றவர், மறு ஆண்டு, தம் 37-ஆம் வயதில், அந்நகரின் புகழ்பெற்ற சமையற் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். பிரெஞ்சுத் தோழியர் இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1961-இல் வெளிவந்தது. அந்நூலைப் பற்றிப் பேசுவதற்குப் பாஸ்டன் நிலையத்தார் அழைத்தபோது, பேசுவதோடு நில்லாமல், சிறு மின்னடுப்பு ஒன்றை வைத்து முட்டை அடை செய்தும் காட்டினார். பார்த்தவர்கள் இன்னும் வேண்டுமென்று நிலையத்திற்குக் கடிதம் எழுதினர். தொடர் பிறந்த வரலாறு இதுவே.

அந்நிலையம் செல்வம் படைத்ததன்று. படப்பிடிப்பை நிறுத்தி, தவறியதைத் திருத்தி மீண்டும் எடுப்பதற்குப் பொருள் போதாது. ஏறத்தாழ 28 நிமிடமும் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுவர். ஆகவே தவறு நேர்ந்தால், நேர்ந்தபடியே மக்கள் கண்டனர். ஒரு நாள் உருளைக்கிழங்கு அடையைச் சட்டியிலிருந்து வீசித் திருப்ப முற்பட்டார். அடை முழுவதும் திரும்பவில்லை. ஒரு பகுதி பிய்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. அவர் பதறவில்லை. துணிவோடு வீசாததே காரணம் என்று கூறிக்கொண்டே, விழுந்ததை எடுத்துச் சட்டியில் ஒட்டவைத்தார். சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஆறுதலும் கூறினார். (இந்நிகழ்ச்சி மக்களின் வாய்மொழியில் வளர்ந்து, முழுக்கோழி தரையில் விழுந்தது என்றும், வான்கோழி விழுந்தது என்றும் கதையாயிற்று. விழுந்தது கிழங்கு அடைதான். அதுவும் தரையில் அன்று.)

முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வதை அறியாத தமிழ்ப் பெண்மணி உண்டோ? ஆனால் நம் தொலைக்காட்சியில் முதல் தோசையை யாரேனும் கண்டதுண்டா? அங்கு வருவதெல்லாம் ஐந்தாவது தோசையே. வட்டம் பிசகாது, ஓரம் முறுகி, தானே எழுந்து வரும். அதைக் காணும் புதுமணப்பெண், தன் கல்லில் ஒட்டியதைக் கண்டு, குறை தன்னிடமே என்று மனம் வாடுகிறாள். கல் போதிய அளவு காயவில்லை, அல்லது அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது, நீர் தெளித்துத் துடைத்து மீண்டும் ஊற்று என்று சொல்லித்தர அங்கு ஒருவரும் இல்லை. ஜூலியா அம்மையார் அதைச் சொல்லித்தந்தார். 2001-இல் அவர் தம் வீட்டுச் சமையலறையையே வாசிங்டன் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 2004-இல், 92-ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னர் அவர் காலமானார்.

அடுத்ததாக நாம் கவனிக்க வேண்டியது நேரம். திரையில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குவதற்குப் பத்து நொடி ஆகிறது. வீட்டில் நான்கு பெரிய வெங்காயத்தை மெல்லிய தீயில் உண்மையாகவே பொன்னிறத்திற்குக் கொண்டுவருவதற்கு அரைமணி நேரமும் போதாது. வெங்காயத்தில் உள்ள நீர் முழுவதும் ஆவியாகும்வரை நிறம் ஏறாது என்பதே காரணம். இதை அறியாத இளம் இல்லத்தரசி தீயைக் கூட்டுகிறாள். ஓரம் கருகுகிறது, நடுப்பகுதி பச்சையாகவே நிற்கிறது, குழம்பு கசக்கிறது. ‘இதோ, முன்னரே செய்து வைத்திருக்கிறோம்’ என்று மறைவிலிருந்து மற்றொரு பாத்திரத்தை எடுத்துக் காட்டும் வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. அரைமணி நிகழ்ச்சியில் மூன்று மணிச் சமையலை அடக்குவதற்கு வேறு வழியில்லை. ஆனால் இடையில் சென்ற நேரம் எவ்வளவு என்பதைக் கூறாமல் விட்டால் அது ஏமாற்றே. நேரத்தைக் கூறுபவரை நம்புங்கள். ‘நொடியில் தயார்’ என்பவரை நம்பாதீர்கள். அவருடைய பாத்திரங்களைக் கழுவுவதற்கு வேறு ஆட்கள் இருக்கின்றனர்.

கண்ணும் காதும் மட்டுமே தொலைக்காட்சிக்கு உண்டு. மூக்கும் நாவும் விரலும் இல்லை. நம் சமையலிலோ பதம் என்பது பெரும்பாலும் விரலுக்கும் மூக்குக்கும் உரியது. அதிரசத்திற்குப் பாகு காய்ச்சுவதை எண்ணிப் பாருங்கள். பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். பதம் வருமுன் இறக்கினால் எண்ணெயில் இட்டதும் அதிரசம் பிரிந்து போகும். பதம் கடந்தால் கல்லாகும். பாகுப் பதம் வந்ததும் மாவைச் சேருங்கள் என்று ஒருவர் கூறிக் கடந்துவிட்டால் அவர் ஒன்றும் கற்பிக்கவில்லை. நீர்க்கிண்ணத்தை அருகில் வைத்து, இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை, இப்போது ஆயிற்று என்று மூன்று முறை திரட்டிக் காட்டுபவரே ஆசிரியர். முறுக்கும் அவ்வாறே. மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும்போது எண்ணெய் சலசலக்கிறது. நீர் தீர்ந்ததும் சலசலப்பு அடங்குகிறது. எடுக்க வேண்டிய நேரத்தை எண்ணெயே அறிவிக்கிறது. நல்ல நிகழ்ச்சியில் அவ்வோசை கேட்கும்; மற்றவற்றில் அதன்மேல் ஏதேனும் ஓர் இசையைப் பரப்பியிருப்பார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பலகாரம் சுடக் கற்றுக்கொள்ள விரும்பும் நம் பெண்கள் இவ்வொன்றைக் கொண்டே நிகழ்ச்சிகளைத் தரம் பிரித்துவிடலாம்.

எளியதைக் கற்பிக்க நாணாதவரும் நல்லாசிரியரே. இங்கிலாந்தின் டீலியா சுமித் பதினாறாம் வயதில், தேர்வுச் சான்று ஏதுமின்றிப் பள்ளியை விட்டு வெளியேறியவர். 1973 முதல் பி.பி.சி. தொலைக்காட்சியில் சமையல் கற்பித்தார். நாடு முழுவதும் புகழ்பெற்ற பின்னர், 1998-இல் தொடங்கிய ஒரு தொடரில், முட்டையை எவ்வாறு வேகவைப்பது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். முட்டை வேகவைக்கவுமா பாடம் என்று பெரிய சமையற் கலைஞர்கள் சிலர் எள்ளி நகையாடினர். ஆனால் முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு என்பதும், குளிர்ந்த முட்டையைக் கொதிநீரில் இட்டால் அக்காற்று விரிந்து ஓட்டை வெடிக்கச் செய்கிறது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? எள்ளியவர்களைப் பொருட்படுத்தாமல் மக்கள் பார்த்தனர். இளமையிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த இவ்வம்மையார், தவக்காலத்திற்கும் திருவருகைக் காலத்திற்கும் சிந்தனை நூல்கள் எழுதியவர் என்பதையும் நம் வாசகர்கள் அறிந்துகொள்ளலாம்.

இனிப் போட்டிகள். சமையலைப் போர்க்களமாக்கிய பெருமை 1993 முதல் 1999 வரை ஜப்பானில் ஒளிபரப்பான ‘அயர்ன் செஃப்’ தொடரையே பெரிதும் சாரும். ஒரு பொருளை அறிவித்து, ஒரு மணி நேரத்தில் அதைக் கொண்டு பல உணவுகளைப் படைக்கச் சொல்வர். பி.பி.சி.யில் 1990-இல் பிறந்த ‘மாஸ்டர்செஃப்’ உலகெங்கும் பரவி, 2021-இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கத் தமிழிலும் வந்தது. இவற்றில் திறமை இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் இவற்றில் உண்பவன் எங்கே? நடுவர் ஒரு கரண்டி எடுத்துச் சுவைக்கிறார், முகத்தைச் சுளிக்கிறார், தட்டை ஒதுக்குகிறார். நம் சிறுவன் கற்றுக்கொண்ட முகச்சுளிப்பு அங்கிருந்து வந்ததுதான். அவன் உணவை உண்ண அமரவில்லை. தீர்ப்பு வழங்க அமர்ந்திருக்கிறான்.

2019-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’யைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அதைச் சமையல் நிகழ்ச்சி என்று எண்ணாமல் நகைச்சுவை நிகழ்ச்சி என்று எண்ணிப் பார்த்தால் தீங்கில்லை, குடும்பத்தோடு சிரிக்கலாம். சமையல் கற்கலாம் என்று குறிப்பேட்டோடு அமர்ந்தவர்களுக்காக நாம் வருந்துகிறோம்.

போட்டியிலும் மேன்மை இருக்கலாம் என்பதற்குப் பிரிட்டனில் 2010-இல் தொடங்கிய ரொட்டி, கேக் சுடும் போட்டி சான்று. திறந்த புல்வெளியில் ஒரு கூடாரம். தொழில்முறைச் சமையற்காரர் அல்லாத எளிய மக்கள். ஒருவருடைய கேக் சரியும்போது எதிரணியில் நிற்பவர் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பதையும் காணலாம். வென்றவருக்குப் பணப்பரிசு கிடையாது. கேக் வைக்கும் தட்டு ஒன்றே பரிசு. 2015-இல் அதை வென்ற நதியா உசேன் என்னும் இல்லத்தரசி, மறு ஆண்டு அரசி எலிசபெத்தின் 90-ஆம் பிறந்தநாளுக்குக் கேக் செய்யும் பேறு பெற்றார்.

இத்தனை பொருள்களைக் கொட்டிக் கவிழ்க்கும் காட்சிகளைக் காணும்போது, தொலைக்காட்சிச் சமையல் பஞ்சகாலத்தில் வளர்ந்த கலை என்பது நமக்கு நினைவிற்கு வருகிறது. போர் முடிந்து 1946-இல் பி.பி.சி. தொலைக்காட்சி மீண்டும் தொடங்கியபோது, பிலிப் ஹார்பன் என்பவர் அதில் சமைத்துக் காட்டினார். அந்நாட்டில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் அளவுச்சீட்டு இருந்த நாள்களில், இருப்பதைக் கொண்டு எவ்வாறு சமைப்பது என்பதே மக்களுக்குத் தேவைப்பட்ட பாடம். மாதக் கடைசி வாரத்தில் நம் இல்லங்களுக்கும் தேவைப்படுவது அப்பாடமே. பழைய சோற்றை, மீந்த குழம்பை, வாடிய கீரையைக் காட்டும் நிகழ்ச்சி தமிழில் அரிதாக இருப்பது வியப்பளிக்கிறது.

ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. 1957 நவம்பரில் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறாமல் இருக்க இயலாது. ‘இன்றைய சமையல்’ என்பது அதன் பெயரின் பொருள். ஆரவாரம் இல்லை, பருவத்தில் கிடைக்கும் காய், அன்றாட மீன், அளந்து கூறும் அளவுகள். தொடக்கத்தில் அதன் செய்முறைகள் ஐவருக்குரிய அளவில் கூறப்பட்டன. 1965-இல் அது நால்வராயிற்று. 2009-இல் இருவராயிற்று. இம்மாற்றத்தை யாரும் பறைசாற்றவில்லை. ஐவர் அமர்ந்த மேசையில் இருவர் அமர்ந்திருக்கும் செய்தியைச் சமையற்குறிப்பு ஒன்று இவ்வாறு பதிவு செய்து வைத்திருக்கிறது. நம் கிராமங்களிலும் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் சென்றபின், பெரிய குழம்புச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, இருவருக்கு மட்டும் அரிசி களையும் முதியோர் எத்தனை பேர்! அவர்களுக்கு ஏற்ற அளவில் சமைத்துக் காட்டும் நிகழ்ச்சியை எந்தத் தமிழ் அலைவரிசையேனும் தொடங்குமாயின், அதற்கு நாம் முதல் வாழ்த்துக் கடிதம் எழுதுவோம்.

உணவையும் குடும்பத்தையும் பிரிக்காமல் காட்டுபவர் லிடியா பாஸ்டியானிச். இவர் பிறந்த ஆண்டு 1947. இவருடைய ஊர் போருக்குப் பின் யூகோஸ்லாவியாவிற்கு உரியதாயிற்று. 1956-இல் குடும்பம் எல்லை கடந்து இத்தாலியின் திரியெஸ்தே நகருக்குத் தப்பிச் சென்றது. அரிசி ஆலையாக இருந்து முகாமாக மாறிய ஓரிடத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அகதிகளாக இருந்தனர். கத்தோலிக்க அறப்பணி நிறுவனம் 1958-இல் அவர்களை நியூயார்க்கில் குடியமர்த்தியது. அவ்வகதிச் சிறுமியே பின்னாளில், 1998 முதல், அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் இத்தாலியச் சமையல் கற்பித்தார். 2008-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் 2015-இல் திருத்தந்தை பிரான்சிசும் நியூயார்க்கிற்கு வந்தபோது அவர்களுக்கு உணவு சமைத்தார். இவர் நிகழ்ச்சிகளில் நமக்குப் பிடித்தது இவருடைய தாயாரின் வருகை. நூறு வயது வரை வாழ்ந்து 2021-இல் மறைந்த அம்மூதாட்டி, மகளின் நிகழ்ச்சியில் பல முறை தோன்றினார். உண்பதற்கு எல்லாரும் மேசைக்கு வாருங்கள் என்று இத்தாலிய மொழியில் அழைத்தே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் லிடியா முடிப்பார். அங்கே சமைத்த உணவு உண்ணப்படுகிறது.

பார்க்கும் முறையைப் பற்றியும் சில சொற்கள். நிகழ்ச்சியை வழங்குபவர் எண்ணெய் நிறுவனத்தாராயின் எல்லாப் பண்டங்களும் எண்ணெயில் மிதக்கும். மசாலைப் பொடி நிறுவனத்தாராயின் அம்மியும் உரலும் திரையில் தோன்றா. வழங்குபவரின் பெயரைக் கண்டதும் கரண்டி அளவில் பாதியைக் குறைத்துக்கொள்வது நலம். சாப்பிடும் நேரத்தில் சமையல் நிகழ்ச்சி பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். வேறொருவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நம் தட்டில் உண்பதில் சுவை இராது. மேலும், இந்நிகழ்ச்சிகள் பெண்களுக்கே உரியன என்று எண்ணி ஆண்கள் எழுந்து போவது ஏனென்று நமக்கு விளங்கவில்லை. கணவரும் மகனும் உடன் அமர்ந்து பார்க்கட்டும். பார்த்ததில் ஒன்றை ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வந்தபின், அச்சிறுவனே செய்யட்டும். தாய் அருகில் நின்று தீயை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். தான் நறுக்கிய பீர்க்கங்காயை ஒதுக்கும் பிள்ளையை நாம் இதுவரை கண்டதில்லை.

கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். திரையில் கூறிய அளவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். செய்து பார்த்தபின், உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை பேருக்குப் போதுமானதாக இருந்தது, உப்பைக் குறைக்க வேண்டுமா, வீட்டில் யார் விரும்பினர், யார் விரும்பவில்லை என்பதை அப்பக்கத்தில் தேதியிட்டு எழுதுங்கள். மாவை அளந்த தம்ளர் எது என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்; ஏனெனில் தொலைக்காட்சிக்காரர் கூறும் கோப்பை 200 மில்லியா 250 மில்லியா என்று அவர் பெரும்பாலும் கூறுவதில்லை.